ஆயாவின் படமும் ஆயில் பெயின்டிங் பட்டனும்

பங்குனி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். காலை ஆறே முக்கால். திருவொற்றியூரில் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களில் ஒன்றின்மேல் எங்கள் ஆயா, அதாவது பாட்டி, உட்கார்ந்திருந்தாள். காற்று முந்தானையைப் பிடுங்கியது. அதை ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி, யாரோ கூப்பிட்ட மாதிரி வடக்குப் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் பத்தடி தள்ளி நான் போனோடு நின்றிருந்தேன். அழுத்திவிட்டேன். இப்படி, போஸ் கொடுக்கச் சொல்லாமல், ஒருவர் தன் போக்கில் இருக்கும்போது எடுக்கிற படத்தைத்தான் ‘கேண்டிட்’ என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பையன் போனை வாங்கி ஏதோ ஒரு ஆப்பில் படத்தை ஏற்றி, ‘ஆயில் பெயின்டிங்’ என்ற பட்டனைத் தட்டினான். “மாமா, இங்க பாரேன், பெயின்டிங் ஆயிடுச்சு.” ஆயாவிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். “இன்னாடா இது, மூஞ்சிய வழிச்சி வுட்ட மாதிரி கீது?”

சரியான கேள்வி. “படம் சும்மா பெயின்டிங் மாதிரி இருக்கு” என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் ஆளுக்கு ஒன்றை மனதில் வைத்துச் சொல்கிறோம். ஒருவருக்குப் பின்னணி மங்கலாக இருந்தால் போதும். இன்னொருவருக்கு மஞ்சள் வெயில் வேண்டும். கல்யாண ஆல்பம் போடுகிறவர் தோலை வழவழவென்று தேய்த்துவிட்டு அதையே ‘பெயின்டிங் லுக்’ என்று விற்கிறார். என் அக்கா பையனுக்கு பிரஷ் தடம் தெரிந்தால் அது ஓவியம்.

நல்ல ஓவியம் ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவின் ஓவியங்கள் இருக்கின்றன, பஸ் பிடித்தால் போய்விடலாம். முகத்தையும் கையையும் அவ்வளவு பொறுமையாக வரைந்திருப்பார். அதே ஓவியத்தில் ஏதோ ஒரு மூலையை நாலே இழுப்பில் முடித்துவிட்டுப் போயிருப்பார். எங்கே உழைத்தார், எங்கே தொட்டுவிட்டு விலகினார் என்ற அந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்துத்தான் நம் கண் ‘இது ஓவியம்’ என்கிறது. பிரஷ் தடம் அதற்குப் பிறகுதான். போட்டோவிலும் இந்த ஏற்றத்தாழ்வைக் கொண்டுவர முடியும்.

ஏலத்தில் கேட்கும் காது

காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலம் நடக்கும்போது போயிருக்கிறீர்களா? ஐஸ் உடைக்கும் சத்தம், வண்டி ஹாரன், “வழி வுடு, வழி வுடு” என்று கூடைக்காரர்கள், ஒரே நேரத்தில் நாலு இடத்தில் நாலு ஏலம். இத்தனைக்கும் நடுவில், வஞ்சிரம் எடுக்க வந்த அம்மாவுக்குத் தான் பார்த்துவைத்த கூடையின் விலை மட்டும் கணீரென்று கேட்கும். அதே இடத்தில் நின்று போனில் ரெக்கார்ட் பண்ணி வீட்டில் போட்டுக் கேளுங்கள். வெறும் இரைச்சல். மைக்குக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான். காதுக்கு அப்படி இல்லை, அது பொறுக்கிக் கேட்கிறது.

கண்ணும் இதே கதைதான். கையை முழுசாக நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த விரல் அகலம், அதாவது சுமார் 2 டிகிரி, அவ்வளவு இடத்தைத்தான் ஒரு நேரத்தில் நம் கண் கூர்மையாகப் பார்க்கிறது. சுற்றியுள்ளதெல்லாம் மசமசப்பு. கண் ஓயாமல் அங்கும் இங்கும் தாவுகிறது; மூளை துண்டுகளை ஒட்டவைத்து, எல்லாமே தெளிவாகத் தெரிவதாக நம்மை நம்பவைக்கிறது. ஆயாவை நேரில் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது அவள் கண்ணும் அந்தக் கையும்தான். படத்தில் என்ன இருந்தது தெரியுமா? கல்லிடுக்கில் சிக்கிய பால் கவர், ஆரஞ்சு நிற மீன் கிரேட், தலைகீழாகக் கவிழ்த்த ஃபைபர் படகு, தூரத்தில் துறைமுகத்து கிரேன்கள். அத்தனையும் ஆயாவின் முகத்துக்குச் சமமான கூர்மையோடு.

போன் கேமராவில் இது இன்னும் மோசம். அதன் சென்சார் மிகச் சிறியது. சென்சார் என்பது ஒளியை வாங்கிக்கொள்ளும் சில்லு. சென்சார் சிறிதானால் கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் சேர்ந்தே ஃபோகஸில் விழும். போதாததற்கு, அழுத்திய அந்த நொடியிலேயே போன் பல ஷாட்களை எடுத்து ஒன்றாகக் கலக்கிறது. இருட்டைத் தூக்கி, வெளிச்சத்தை அமுக்கி, இரண்டையும் தெரியவைக்கும் இந்த வேலைக்கு எச்டிஆர் என்று பெயர். கடைசியில் எல்லா விளிம்புகளையும் கூராக்கித் தருகிறது. ஆக, ‘எடிட் பண்ணாத படம்’ என்று நாம் நினைப்பதே போன் ஒரு தடவை எடிட் பண்ணி முடித்ததுதான். அதுவும் ஓவியருக்கு நேர் எதிரான திசையில்.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: கண் பொறுக்கிப் பார்க்கிறது, ஓவியர் பொறுக்கி வரைகிறார், கேமரா பொறுக்குவதில்லை. பொறுக்குகிற வேலை நம் தலையில் விழுகிறது.

அந்த பட்டன் உள்ளே என்ன செய்கிறது

டிஜிட்டல் படம் என்பது சின்னச் சின்ன நிறப் புள்ளிகளின் கூட்டம். ஒரு புள்ளிக்கு பிக்சல் என்று பெயர். 12 மெகாபிக்சல் கேமரா என்றால் ஒரு படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஆயில் பெயின்டிங் பட்டன்களில் பல வகை உண்டு. அவற்றுக்கு மூதாதை என்று சொல்லத்தக்க ஒன்று குவஹாரா ஃபில்டர். ஜப்பானிய ஆய்வாளர் ஒருவரின் பெயர் அது. 1976-இல் இதயத்தின் மருத்துவப் படங்களில் இருந்த புள்ளிப்புள்ளியான இரைச்சலை நீக்குவதற்காக வந்தது. ஓவியத்துக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது. இரைச்சலை நீக்கப்போய், படம் பிரஷால் தீட்டிய மாதிரி வந்துவிட்டது.

அது இயங்கும் விதத்தை ஒரு நாற்சந்தியை வைத்துச் சொல்கிறேன். ஒவ்வொரு பிக்சலும் ஒரு நாற்சந்தியில் நிற்கும் ஆள். நான்கு மூலையிலும் நான்கு கும்பல். ‘நான் என்ன நிறத்தில் இருக்கட்டும்?’ என்று அவர் நான்கு கும்பலையும் கேட்கிறார். மூன்று கும்பலுக்குள் அடிதடி. ஒருவர் கறுப்பு என்கிறார், ஒருவர் வெள்ளை என்கிறார். நான்காவது கும்பலில் மட்டும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பேச்சு. சண்டை குறைந்த அந்தக் கும்பலின் சராசரி நிறத்தை நம் ஆள் எடுத்துப் பூசிக்கொள்கிறார். இதை 1 கோடியே 20 லட்சம் பேரும் செய்து முடித்தால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரே நிறத் திட்டுகளாகச் சேர்ந்துவிடும். திட்டுக்கும் திட்டுக்கும் நடுவில் எல்லைக்கோடு கூர்மையாகவே நிற்கும். நம் கண்ணுக்கு அந்தத் திட்டு, பிரஷின் ஒரு இழுப்பு மாதிரித் தெரிகிறது.

இப்போது ஆயாவின் முகத்துக்கு வாருங்கள். கன்னத்துச் சுருக்கம் என்பது மெல்லிய கோடு. எந்தக் கும்பலில் போய் நின்றாலும் அது சிறுபான்மை. நான்கு பக்கத்திலும் அதன் பேச்சு எடுபடாது, மறைந்துவிடும். கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளிக்கும் அதே கதி. கல்லுக்கும் வானத்துக்கும் இடையிலான பெரிய எல்லை மட்டும் பத்திரமாக இருக்கும். எழுபது வருடச் சுருக்கம் போய் மைதா மாவு உருண்டை மிஞ்சுகிறது. ‘வழிச்சி வுட்ட மாதிரி’ என்று ஆயா சொன்னது எவ்வளவு துல்லியம்! அந்தக் கணக்குக்கு மூக்கு எது, மீன் கிரேட் எது என்று தெரியாது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பூசுகிறது.

ஏஐ பண்ணும் ஓவியம் வேறு விஷயம். ஒரு ஓவியத்தின் பாணியை எடுத்து ஒரு போட்டோவின்மேல் ஏற்ற முடியும் என்று 2015-இல் ஜெர்மனியில் மூன்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அங்கிருந்து வளர்ந்து, இன்று இருப்பவை பெரும்பாலும் உங்கள் படத்தைப் பார்த்துப் புதிதாக ஒன்றை வரைந்தே கொடுத்துவிடுகின்றன. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த முகம் ஆயாவின் சாயலுள்ள வேறு யாரோ. அது வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யலாம். நான் பேசுவது, ஆயா ஆயாவாகவே இருக்கும் படத்தைப் பற்றி.

நெகட்டிவ் மேல் பென்சில்

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் பழைய வீடுகளில் தாத்தா படம் மாட்டியிருக்குமே, அதை இறக்கித் துடைத்துவிட்டுப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போட்டு, மேலே கையால் நிறம் ஏற்றியிருப்பார்கள். கன்னத்தில் இருக்கா இல்லையா என்கிற மாதிரி ஒரு சிவப்பு, ஜரிகையில் மட்டும் மஞ்சள். பின்னணித் திரையில் மாளிகைப் படிக்கட்டு. அதற்கு முன்பே நெகட்டிவில் ஒரு சுற்று வேலை நடந்திருக்கும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். படத்தில் கறுப்பாக வர வேண்டிய சுருக்கம் அங்கே வெளுத்துக் கிடக்கும். அந்த இடத்தில் கூர்சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகக் கரி ஏற்றினால் பிரிண்டில் சுருக்கம் மெலியும். ‘டச்சப்’ என்பார்கள். நல்ல டச்சப்காரர் சுருக்கத்தை மெலியவைப்பார், அழிக்க மாட்டார். நெற்றியைத் தொடுவார், கண்ணைத் தொட மாட்டார். பட்டனுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

போட்டோவை ஓவியமாகப் பார்க்கும் ஆசை நமக்கு வந்த புது வியாதி இல்லை. கல்கத்தாவில் 1815-இல் பிறந்து 1879-இல் இலங்கையில் இறந்த ஜூலியா மார்கரெட் கேமரூன் என்ற அம்மாள், 48 வயதில்தான் கேமராவைக் கையில் எடுத்தார். ஃபோகஸை முழுக் கூர்மை வரை கொண்டுபோகாமல், கண்ணுக்கு அழகாகப்பட்ட இடத்திலேயே நிறுத்திவிடுவார். ‘இந்த அம்மாவுக்கு ஃபோகஸ் பண்ணவே தெரியவில்லை’ என்று அந்தக் காலத்து போட்டோகாரர்கள் திட்டினார்கள். திட்டியவர்களின் படங்கள் எங்கே போயினவோ. பின்னால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதுவே பிக்டோரியலிசம் என்ற பெயரில் ஒரு பெரிய இயக்கமாகக் கிளம்பியது. அதற்கு எதிராக ‘எல்லாம் கூர்மையாக இருக்க வேண்டும்’ என்று இன்னொரு கூட்டம் கிளம்பியது. அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.

ஒளி: பாதி வேலை அழுத்தும்போதே முடிகிறது

எனக்குத் தெரிந்து, எடிட்டிங்கில் மணிக்கணக்காக மல்லுக்கட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒளியில் கோட்டைவிட்டவர்கள்தான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

இருட்டறையில் ஒரு தேங்காயை வைத்து, நேர் முன்னாலிருந்து டார்ச் அடியுங்கள். வட்டத் தட்டு மாதிரித் தெரியும். அதே டார்ச்சைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் வெளிச்சம், மெல்ல மெல்ல இருட்டு, நாரின் முரட்டுத்தனம் உட்பட எல்லாம் எழுந்து நிற்கும். தேங்காய் உருண்டையாகிவிட்டது. தட்டையான துணியில் உருண்டையைக் காட்ட வேண்டிய ஓவியர்கள் பக்கவாட்டு ஒளியை விட்டு அகலாததற்குக் காரணம் இந்தத் தேங்காய்தான்.

சென்னைக் கடற்கரையில் சூரியன் கடலில் முளைத்து ஊருக்குள் மறைகிறது. இதனால் காலையில் நமக்கு மூன்று வழிகள். ஆளைக் கடலுக்கு முன்னால் நிறுத்தி, கடலைப் பார்த்து எடுத்தால் முகம் கறுத்து நிழலுருவம்தான் கிடைக்கும். நாம் அலைப் பக்கம் போய் நின்று ஊரைப் பார்த்து எடுத்தால் முகம் முழுக்க வெளிச்சம். ரேஷன் கார்டுப் படம் மாதிரித் தட்டையாக வரும். மூன்றாவது, கரையோடு கரையாக, வடக்கையோ தெற்கையோ பார்த்து எடுப்பது. அப்போது வெயில் பக்கவாட்டில் விழும். ஆயா என் பக்கம் திரும்பியபோது நடந்தது இதுதான். கடல் பக்கக் கன்னம் பொன் மாதிரி. ஊர்ப் பக்கக் கன்னம் நிழல். அந்த நிழலுக்குள், கண்ணுக்குக் கீழே, மூக்கைத் தாண்டி விழுந்த சின்ன முக்கோண வெளிச்சம். இந்த முக்கோணத்துக்கு ரெம்பிராண்ட் ஒளி என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் முகங்களை இப்படித் தீட்டியதால் வந்த பெயர். நான் திட்டமிடவில்லை. ஆயா திரும்பினாள், கிடைத்தது. ஆனால் எந்தப் பக்கம் நிற்பது என்பதைத் திட்டமிட்டிருந்தேன். கேண்டிட் படத்தில் நம் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

அடுத்தது, ஒளி கடினமா, மென்மையா என்பது. குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்ட வீட்டில் சுவரில் விழும் நிழல் கத்தியால் வெட்டிய மாதிரி இருக்கும். டியூப் லைட் வீட்டில் நிழலின் ஓரம் குழைந்திருக்கும். ஒளி வரும் இடம் பெரிதாக ஆக, நிழல் மென்மையாகும். நடுப்பகல் சூரியன் உச்சியில் தொங்கும் குண்டு பல்பு. கண்குழி இரண்டும் கறுத்துப்போய், மூக்கின் நிழல் மீசை மாதிரி மேலுதட்டில் விழும். அந்த நேரத்தில் படம் எடுப்பதைவிட நிழலில் உட்கார்ந்து பட்டாணி சுண்டல் சாப்பிடலாம். மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கியதும் கிழக்கு வானம் மொத்தமும் ஒரு பெரிய டியூப் லைட்டாகிவிடும். எண்ணூர் விரைவுச் சாலையோரக் கற்களில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் யாரையும் அந்த அரைமணி நேரத்தில் பாருங்கள். முகத்தில் ஒரு கடினமான நிழல் இருக்காது.

நம் பகுதிக்கென்று இன்னொரு வரம், இல்லை சாபம், எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்: காற்றில் மிதக்கும் மூட்டம். கடலின் உப்பு ஈரம், கன்டெய்னர் லாரிப் புகை, எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள் எல்லாம் சேர்ந்தது. மூச்சுக்குக் கெடுதல், சந்தேகமே இல்லை. படத்தில் அது செய்வது வேறு. காற்றில் மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடித்து, தூரத்தில் உள்ள கறுப்பின்மேல் ஒரு வெள்ளைத் திரை போடுகின்றன. கிட்டத்தில் இருக்கும் கல் கறுப்பு. நல்ல தூரம் தள்ளி இருக்கும் படகு வெளிறிய கரும்பலகை நிறம். துறைமுகத்து கிரேன் வெறும் சாம்பல். தூரத்தை இப்படி வெளிறவைத்துக் காட்டுவது ஓவியர்களின் பழைய உத்தி. நமக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது. எடிட்டிங் ஆப்பில் ‘டீஹேஸ்’ என்று ஒன்று இருக்கும். மூட்டத்தை விலக்குகிற அதை மட்டும் இந்த வகைப் படத்தில் தொட்டுவிடாதீர்கள்.

லென்ஸில் படியும் உப்புத் தூசி மட்டும் ஓவியமாகாது, அழுக்காகத்தான் தெரியும். சட்டை நுனியால் தேய்த்தால் உப்புக் கல் கண்ணாடியில் கோடு போடும். ஊதிவிட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

வாத்தியாரின் மார்க் மாடரேஷன்

எடிட்டிங்கில் முதல் வேலை டோன். டோன் என்றால் ஒரு புள்ளி எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது. நிறம் இதில் சேராது. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். 0 முழு இருட்டு, 255 முழு வெளிச்சம். ‘ரா’ என்ற கோப்பாக எடுத்தால், 12 பிட் கேமராவில் அதுவே 4,096 படிகள். ‘ரா’ என்பது கேமரா இன்னும் சமைக்காத அரிசி. உங்கள் போனில் அந்த வசதி இருந்தால் பயன்படுத்துங்கள், பின்னால் நிறைய நெளிவு சுளிவு கிடைக்கும்.

கர்வ் என்று ஒரு கருவி நிறைய எடிட்டிங் ஆப்களில் இருக்கும். மூலையிலிருந்து மூலைக்கு ஒரு சாய்கோடு. பார்த்தவுடன் பயந்து மூடிவிடுவார்கள். அது வேறொன்றுமில்லை, வாத்தியாரின் மாடரேஷன் பட்டியல். ‘பையன் வாங்கிய மார்க் இது, நான் போடும் மார்க் இது.’ கோட்டின் அடி நுனியைக் கொஞ்சம் தூக்கினால், 0 வாங்கியவனுக்கு 12 கிடைக்கிறது. படத்தில் முழுக் கறுப்பு என்பதே இல்லாமல் எல்லாக் கறுப்பும் அடர்சாம்பல் ஆகும். மேல் நுனியைக் கொஞ்சம் இறக்கினால், சதம் அடித்தவனுக்கு 95. அலைமேல் கண்ணைக் குத்தும் வெள்ளை பால் வெள்ளையாக அடங்கும். நடுப்பகுதியைச் செங்குத்தாக்கினால் 45-க்கும் 55-க்கும் நடுவே இருந்த இடைவெளி விரியும். இந்த இடைவெளிக்குத்தான் கான்ட்ராஸ்ட் என்று பெயர். ஒரே ஒரு கண்டிப்பு: குறைந்த மார்க் வாங்கியவன் அதிக மார்க் வாங்கியவனைத் தாண்டக் கூடாது. கோடு ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். எங்காவது கீழே மடங்கினால் முகத்தில் பேய் அடித்த மாதிரி நிறங்கள் வரும்.

எதற்காக இரண்டு நுனிகளையும் அடக்குகிறோம்? சுவரில் மாட்டிய ஓவியத்தில் மிக வெள்ளையான சாயம், மிகக் கறுப்பான சாயத்தைவிடச் சில பத்து மடங்குதான் பிரகாசம். கடற்கரையிலோ, அலையில் மின்னும் சூரியனுக்கும் கல்லிடுக்கு இருட்டுக்கும் பல ஆயிரம் மடங்கு வித்தியாசம். அந்தப் பெரிய உலகத்தை இந்தச் சின்ன டப்பாவுக்குள் மடித்து வைப்பதுதான் ஓவியரின் அன்றாடப் பிழைப்பு. மடித்த தடம் நமக்கு ‘ஓவிய அமைதி’யாகத் தெரிகிறது.

மாடரேஷன் முழு வகுப்புக்கும் பொது. அதற்குப் பிறகு தனித்தனிக் கவனிப்பு. லாரியின் பின்பக்கத்தில் நம்பர் எழுத, வெட்டிய தகடு வைத்து அதன்மேல் பெயின்ட் அடிப்பார்கள் அல்லவா? தகடு திறந்திருக்கும் இடத்தில் மட்டும் பெயின்ட் ஏறும். படத்தில் அப்படி ஒரு தகடு வைப்பதற்கு மாஸ்க் என்று பெயர். முகத்துக்கு ஒரு தகடு, கல்லுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று. தகடு வைத்தோ விரலால் தேய்த்தோ ஓர் இடத்தை வெளிச்சமாக்குவது டாட்ஜ், இருட்டாக்குவது பர்ன். இரண்டும் டார்க் ரூமில் பிரிண்ட் போட்ட காலத்துச் சொற்கள்.

ஆயா படத்தில் நான் செய்தது: வெயில் பட்ட கன்னத்தையும், முந்தானையைப் பிடித்த கையையும் துளி டாட்ஜ். கல் முழுக்க பர்ன். அந்த ஆரஞ்சு கிரேட்டை அழிக்கவில்லை. இருட்டாக்கி, நிறத்தைக் குறைத்து, நிழலோடு நிழலாக உட்காரவைத்தேன். மீன் கிரேட் இல்லாத எங்கள் கடற்கரை பொய். பால் கவரை மட்டும் துடைத்தெடுத்துவிட்டேன், அதற்கு எனக்கு எந்தக் குற்ற உணர்ச்சியும் இல்லை.

சுருக்கமாக: கர்வ் முழுப் படத்தையும் அடக்குகிறது, மாஸ்க் வேண்டிய இடத்தை மட்டும் எழுப்புகிறது. முதலில் அடக்குங்கள், பிறகு எழுப்புங்கள். முறை மாறினால் வேலை இரட்டிப்பாகும்.

கறுப்புத் தோல்

இதைத் தனியாகச் சொல்லாமல் போக மனமில்லை. கேமராவின் ஒளிக்கணக்கு, எதைக் காட்டினாலும் சராசரியாக நடுச் சாம்பலாக வரட்டும் என்று முயலும். மணலும் வானமும் பளீரென்று இருக்கும் கடற்கரையில், ‘ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி’ என்று மொத்தப் படத்தையும் அது இருட்டாக்கும். அதில் நம்மூர் மாநிறமும் கறுப்பும் கரிக்கட்டை ஆகிவிடும். பதறிப்போய் எடிட்டிங்கில் முகத்தை வெளுக்கிறோம், ‘பியூட்டி’ பட்டனைத் தட்டுகிறோம். சாம்பல் பூத்த, உயிரில்லாத ஒரு முகம் வரும்.

கறுப்புத் தோலின் வடிவம் நிழலில் இல்லை, மினுக்கத்தில் இருக்கிறது. நெற்றி மேடு, மூக்கு நுனி, கன்ன எலும்பு, கழுத்து நரம்பு என்று ஒளி பட்டுத் தெறிக்கும் இடங்களை மட்டும் கொஞ்சம் உயர்த்துங்கள். மற்ற கறுப்பைக் கறுப்பாகவே விடுங்கள். உற்றுப் பார்த்தால் வெயில் பக்க மினுக்கம் பொன்னாகவும், நிழல் பக்க மினுக்கம் வானத்தை வாங்கி லேசான நீலமாகவும் இருக்கும். அந்த இரண்டு நிறங்களையும் காப்பாற்றினாலே முகம் தீட்டிய மாதிரி வந்துவிடும். வெளுப்பாக்கும் பட்டன் முதலில் கொல்வது அந்த நீலத்தைத்தான்.

பத்துத் தடவை துவைத்த புடவை

நிறத்தில் இரண்டு சங்கதி புரிந்தால் போதும். சாயல் என்பது பச்சையா, நீலமா, சிவப்பா என்பது. அடர்த்தி என்பது அந்தச் சாயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது. கடையிலிருந்து வந்த கிளிப்பச்சைப் புடவையைப் பத்துத் தடவை துவைத்துக் காயப்போட்டால் அது பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் சோர்ந்த பச்சை. சாயல் அதே, அடர்த்தி குறைந்துவிட்டது. ஆப்பில் ‘சாச்சுரேஷன்’ என்று இருப்பது இந்த அடர்த்திதான்; அதைக் குறைப்பதுதான் துவைப்பு.

போன் எல்லா நிறத்தையும் புதுப்புடவையாகவே காட்டும். ஓவியரின் தட்டில் அவ்வளவு நிறம் இருக்காது. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்னின் பெயரில் நான்கு நிறத் தட்டு ஒன்று பிரபலம்: மஞ்சள் காவி, ஒரு சிவப்பு, கறுப்பு, வெள்ளை. நீலமே கிடையாது. ஆனால் காவிக்கும் சிவப்புக்கும் பக்கத்தில் வைத்தால், கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் நம் கண்ணுக்கு நீலமாகத் தெரியும். நம் கடலைப் பாருங்கள். காலை மூட்டத்தில் அது உண்மையில் சாம்பல்தான். அதை நீலமாக்க ஆப்பில் நீலத்தை ஏற்ற வேண்டாம். ஆயாவின் முகத்தில் உள்ள பொன்னிறத்தைக் காப்பாற்றினால் பக்கத்துச் சாம்பல் தானாகக் கடலாகும்.

அந்தக் கணக்கில் நான் படகின் நீலத்தைத் துவைத்தேன், கிரேட்டின் ஆரஞ்சைத் துவைத்தேன், ஆயாவின் கிளிப்பச்சைப் புடவையையும் நன்றாகத் துவைத்தேன். முகத்தின் பொன்னை மட்டும் தொடவில்லை.

காணாமல் போகும் விளிம்பு

சின்னக் குழந்தை படம் வரைந்தால் எல்லாவற்றையும் சுற்றிக் கோடு போடும். வளர்ந்த ஓவியர் சில விளிம்புகளை வேண்டுமென்றே தொலைப்பார். நிழல் பக்கக் கன்னம் பின்னாலிருக்கும் இருட்டோடு கலந்து, எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகும். பார்க்கிறவர் மனது அதை முடித்துக்கொள்ளும். லியனார்டோ டா வின்சி இதை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தார். ஸ்ஃபுமாட்டோ என்ற அந்த இத்தாலியச் சொல் ‘புகை’யிலிருந்து வந்தது.

போட்டோவில் இதைச் செய்ய ‘டெக்ஸ்ச்சர்’, ‘கிளாரிட்டி’ என்ற இரண்டு ஸ்லைடர்கள். முதலாவது நுண்ணிய சொரசொரப்பை ஏற்றி இறக்கும். இரண்டாவது அதைவிடப் பெரிய மேடு பள்ளங்களின் கான்ட்ராஸ்டை. முழுப் படத்துக்கும் இரண்டையும் கொஞ்சம் இறக்குங்கள். பிறகு முகத்துக்கு, அதிலும் வெயில் பட்ட பாதிக்கு மட்டும், மாஸ்க் வைத்துத் திருப்பி ஏற்றுங்கள். நிழல் பக்க முந்தானையை அப்படியே கரையவிடுங்கள். போனின் போர்ட்ரெயிட் மோட் இதைச் செய்யாதா என்று கேட்பார்கள். அது ஆளைக் கத்தரிக்கோலால் வெட்டி, பின்னணியை மட்டும் மங்கலாக்குகிறது. விளிம்பு தொலைவதற்குப் பதில் இன்னும் கூராகிறது. காற்றில் பறக்கும் நரைமுடியைப் பாதியில் நறுக்கியும் விடும்.

கேன்வாஸ் துணி மாதிரி மேலே ஒரு இழையை ஒட்டித் தரும் வசதியும் உண்டு. எனக்குப் பிடிக்காது. பிளாஸ்டிக் மேசைக்கு மர ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி.

கேட்டுவிட்டு

யாரென்றே தெரியாதவரை எடுத்தால், எடுத்தவுடன் பக்கத்தில் போய்ப் படத்தைக் காட்டுங்கள். “வேணாம்பா” என்றால் அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள். காசிமேட்டிலும் நெட்டுக்குப்பத்திலும் வேலை நேரத்தில் கேமராவோடு வந்து நிற்கும் ஆட்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முகச்சுளிப்பு நியாயமானது.

பிரிண்ட்

போன் திரை தானே ஒளி விடுகிறது, ஓவியம் விடுவதில்லை. அதனால் இந்த வகைப் படம் காகிதத்துக்கு வந்தால்தான் முழுசாகும். பளபளக் காகிதத்தில் ஜன்னல் வெளிச்சம் தெறித்து முகத்தை மறைக்கும். மேட் காகிதம் ஒளியைச் சிதறவிட்டு அடக்கமாக வைத்துக்கொள்ளும். மேட்டில் கறுப்பு இன்னும் கொஞ்சம் வெளிறும், நமக்கு அதுவும் வசதியே. திரையில் பார்ப்பதைவிடப் பிரிண்ட் இருட்டாக வரும் என்பதால் அனுப்பும் முன் ஒரு துளி வெளிச்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் மேட் பிரிண்ட் போட்டு எடுத்துப்போனேன். ஆயா கண்ணாடியைத் தேடி எடுத்தாள். முகத்தை விரலால் தொட்டாள். “ம், நான்தான்” என்றாள். நான் மூச்சு விடுவதற்குள் விரல் கீழே இறங்கியது.

“பொடவ இன்னாடா இம்மாம் பழசா கீது? போன தீவாளிக்கி எடுத்ததுடா இது. ரெண்டு வாட்டிதான் கட்டிக்கினேன்.”

அன்று ராத்திரி உட்கார்ந்து, புடவைக்கு மட்டும் ஒரு மாஸ்க் வைத்து, பச்சையைப் பாதிவரைக்கும் திருப்பி ஏற்றினேன். கடையில் இரண்டாவது பிரிண்டுக்குச் சொல்லியிருக்கிறேன்.